அறுபத்து மூன்று கேலண்டர் தாள்கள்

பட்டாபிராம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள சுசீலா அக்காவுக்கு,

ரேவதியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட் வெயில் உங்களைப் படுத்தாமல் இருக்கட்டும். நாளை அங்கே கிளம்பும் உங்கள் தங்கை ஷோபனாவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லும் விஷயம் இல்லை.

நீங்கள் தொடங்கிவைத்துவிட்டுப் போன நலவாழ்வு அட்டை நன்றாக வளர்ந்துவிட்டது. அப்போது நர்சுகள் மட்டும்தான் நோயாளியைத் தொடும்போதெல்லாம் ஒரு நல்ல பழக்கம் சொல்லி, அட்டையில் டிக் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினோம். இப்போது ஆஸ்பத்திரியே சொல்கிறது. பில் கவுன்டர் பாபு மீதிச் சில்லறையோடு உப்பையும் குறைக்கச் சொல்கிறான். லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை. பழுது பார்ப்பதற்குப் பதிலாக, படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் பாதிப் படியில் நின்று அதைப் படிக்கிறார்கள். கேன்டீன் போண்டா மட்டும் மாறவில்லை.

ஜூலையில் அதிக டிக் போட்டதற்கு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். போனில் படம் பார்த்து நீங்கள்கூடக் கைதட்டும் பொம்மை அனுப்பியிருந்தீர்கள்.

துலுக்கானத்தை உங்களுக்கு நினைவிருக்கும். நெமிலிச்சேரிக்காரர், சென்னீர்குப்பம் குடோனில் வாட்ச்மேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வந்து, "இன்னாம்மா, இன்னிக்கு எத்த நிறுத்தச் சொல்லப்போறே?" என்று உங்களைக் கேலி செய்வாரே, அவர்தான். ஜூன் மாதம் வந்திருந்தார். பி.பி. பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே நடைப்பயிற்சிக் கட்டத்தில் டிக் போட்டேன். "உள்ளங்கால்ல கொப்புளம் மேரி இன்னாவோ கீதும்மா. வலி கிலி ஒண்ணும் இல்ல" என்றார்.

சர்க்கரைக்காரருக்கு வலிக்காத புண்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அட்டையில் நாம் சொல்வதற்குப் பதினான்கு கட்டங்கள் இருந்தன. அவர் சொல்வதற்கு ஒன்றுகூட இல்லை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். "வலிக்கலைன்னா பயப்படாதீங்க, தினம் முக்கால் மணி நேரம் நடங்க" என்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம்மிடம் அல்ல, வேறொரு ஆஸ்பத்திரியில்.

அவர் மனைவி வேம்புலியம்மாள் போன செவ்வாய்க்கிழமை வந்தார். சத்தம் போடுவார் என்று இரண்டு செக்யூரிட்டிகளை நிறுத்திவைத்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. ரப்பர் பேண்டு போட்ட கேலண்டர் தாள்களை என் மேசைமேல் வைத்தார். அறுபத்து மூன்று. தினமும் கிழித்த தாளின் பின்பக்கத்தில் துலுக்கானம் நடந்த நிமிடங்களை எழுதியிருக்கிறார். 45. 45. 50. மழை, கொடை புட்சிகினு 45. கடைசி வாரத்துத் தாள் ஒன்றில்: செருப்புல ரத்தம், 45.

"நர்சம்மா கேக்கும்னு எய்திகினே வந்தாரும்மா. நீ அட்டையில டிக் போட்டுக் குடுப்பேன்னு நெனச்சாரு" என்றார் அந்த அம்மா.

அவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் ஜெகதீசன் சார் பதில் அறிக்கையைத் தயாராக வைத்திருக்கிறார்: 'நோயாளிக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது. அவர் அதைப் பின்பற்றவில்லை.' கீழே என் பெயர். அறிவுரை வழங்கியதற்கு அட்டை சாட்சி. பின்பற்றாததற்கு வெட்டப்பட்ட கால் சாட்சி. அந்தத் தாள்களைப் பற்றிக் கேட்டேன். "கேலண்டர் கிழிச்சதெல்லாம் ரெக்கார்டா சிஸ்டர்? குப்பைத்தொட்டி உங்க பக்கத்துலதானே இருக்கு" என்றார். பிறகு, என் முகத்தில் மன அழுத்தம் தெரிவதாகவும், தினமும் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தால் நல்லது என்றும் சொன்னார். எங்கோ எனக்கும் ஒரு டிக் விழுந்திருக்கும்.

வரும் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும். நான் போடப்போவதில்லை. அவர் ஒரு நாள்கூட விடாமல் பின்பற்றினார், காலைப் பார்க்காதவள் நான் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்த பிறகு எனக்கு இங்கே வேலை இருக்காது. தாள்களை வேம்புலியம்மாளிடமே திருப்பிக் கொடுத்து, யாரிடமும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பொட்டலத்தில் இருப்பவை நகல்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். பயிற்சி வகுப்பில், "பேச்சை வளர்க்காதீங்க, அவங்களைக் கேட்க ஆரம்பிச்சா க்யூ நகராது, நாற்பது விநாடியில முடிங்க" என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள். உங்களுக்கு அதைச் சொல்லித்தந்தது நிர்வாகம்தான் என்பதும் எனக்குத் தெரியும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. சாட்சிக்காக அந்த நாற்பது விநாடி வாசகத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவீர்களா? நகல்களை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுதுங்கள்.

போன தடவை பேசியபோது, உங்களுக்கும் சர்க்கரை தொடங்கிவிட்டது என்றீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஷூ போட்டபடி நிற்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் விளக்கைப் போட்டு இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள் அக்கா. குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடி வைத்துப் பாருங்கள். வலி இல்லாவிட்டாலும் பாருங்கள்.

உங்கள் கால்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

ரேவதி