ஹேவாஹெட்டவுக்குப் போய்ச் சேராத பேக்கப்

இன்று காலை சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டக். சற்று இடைவெளி. மறுபடி டக். ஹார்ட் டிஸ்க் ஒன்று சாகப்போகிறது. இந்த முறை பயப்பட ஒன்றுமில்லை. அதிலிருப்பவை எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறது, நேற்றுக்கூடத் திறந்து பார்த்தேன். ஆனாலும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சொல்லாமல் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டதை இப்போது எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே நாளில்தான் கண்டியில் இந்த அலுவலகத்தில் சேர்ந்தோம். தேயிலைத் தோட்டங்களின் பழைய பிறப்புப் புத்தகங்களைப் படமெடுத்துப் பாதுகாப்பதும், கேட்டு வருகிறவர்களுக்கு அவரவர் பதிவை எடுத்துக் கொடுப்பதும் வேலை. ஒவ்வொருவர் பதிவும் தனிப் படம். கூடவே பெயரும் திகதியும் எழுதிய ஒரு சின்னக் கோப்பு. கோப்புகள் கோடியைத் தாண்டிப் பெருகின. அவற்றைத் தினமும் வேறு டிஸ்க்கில் பிரதியெடுக்கும் பேக்கப்பை அமைத்தவள் நான். மாலை ஆறுக்குத் தொடங்கும், காலை எட்டுக்கு நிற்கும், பச்சை அடையாளம் காட்டும். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை.

நீ பார்த்தாய். ஒரு நாள் மதியம், சோதனைக்காக, பிரதியிலிருந்து ஹேவாஹெட்ட மலைத் தோட்டப் பதிவு ஒன்றைத் திறக்க முயன்றாய். இல்லை. இன்னொன்றைத் தேடினாய். அதுவும் இல்லை. கடைசியாகச் சேர்த்த ஃபோல்டர்கள் எல்லாம் ஹேவாஹெட்டத் தோட்டங்களுடையவை. பிரதியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"இங்க பாரு," என்றாய். குரல் இறங்கிப்போயிருந்தது. "தெனமும் மொதல் ஃபோல்டர்லருந்து ஒவ்வொரு ஃபைலா, மாறியிருக்கா மாறியிருக்கான்னு பாத்துக்கிட்டே வருது. எட்டு மணியானதும் பாதி வழியில நின்னுட்டு, முடிஞ்சதுன்னு எழுதிருது. மறுநா திரும்ப மொதல்லருந்து. ஹேவாஹெட்ட வரைக்கும் அது வந்ததே இல்ல."

"இப்ப என்ன செய்றது?"

"ஃபைல் ஃபைலா கதவத் தட்டிக்கிட்டிருந்தா ஆகாது. டிஸ்க்க அப்புடியே தலைலருந்து கால் வரைக்கும் ஒரே மூச்சா எடுக்கணும். மொதல் தடவதான் நாளாகும். அப்பறம் டிஸ்க்குல மாறின எடத்த மட்டும் எடுத்தா போதும்."

அந்த வாரம்தான் சர்வரில் டக் என்ற சத்தம் தொடங்கியிருந்தது. பொறுப்பாளரிடம் போனோம். "பச்ச விழுந்திருக்கே, பொறகென்ன?" என்றார். நீ விடவில்லை. இரண்டு நாள் அவர் மேசைக்கு முன்னால் நின்று அனுமதி வாங்கினாய். திங்கட்கிழமை பிரதி ஓடத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு வந்தாய். புதன்கிழமை உன்னைப் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு.

வியாழன் காலை பொறுப்பாளர் வந்தார். "சர்வர் இழுக்குது. வெளிய சனம் வரிசைல நிக்குது. அத நிப்பாட்டுங்க. அடுத்த வாரம் பாப்பம்."

பிரதி பாதிக்கு மேல் வந்திருந்தது. இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கலாம். நீயாக இருந்தால் கேட்டிருப்பாய். நான் நிறுத்தினேன்.

அன்று மாலை உன்னிடமிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கியது. "ஓடுதா?"

"ஓடுது," என்றேன். "நீ பேசாம படு."

வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய்.

உன் சடங்குகளுக்காக அலுவலகம் மூடிக் கிடந்தது. திறந்த அன்று சர்வரிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. டிஸ்க் போய்விட்டிருந்தது. மற்றத் தோட்டங்கள் பழைய பிரதியிலிருந்து மீண்டன. பாதியில் நின்ற உன் பிரதியைத் திறக்கவே முடியவில்லை. புத்தகங்களையாவது மறுபடி படமெடுப்போம் என்று ஹேவாஹெட்டவுக்கு ஏறிப்போனேன். தோட்ட ஆபீஸ் அலுமாரியைத் திறந்தபோது கறையான் மண்தான் கையில் உதிர்ந்தது. சில புத்தகங்களுக்கு அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது.

இப்போது நீ சொன்ன வழியில்தான் எடுக்கிறோம். மாறிய இடங்களை மட்டும் எடுப்பதால் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. பச்சை அடையாளம் விழுந்தாலும், பிரதியிலிருந்து ஒரு பதிவைத் திறந்து பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.

போன மாதம் உன் அம்மா வந்தார். ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் பிறந்தவர். அடையாள அட்டையில் பிறந்த வருடம் பிழையாம். திருத்தப் பிறப்புப் பதிவு வேண்டும். "மக இங்கதான் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்னா. எடுத்துத் தா புள்ள," என்றார்.

தேடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நிறுத்தியதையும், உன்னிடம் பொய் சொன்னதையும், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மா கொண்டுவந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"அவகிட்ட நீ அப்புடி சொன்னது அந்த வியாழக்கெழம பொழுதுபட்ட நேரமா?"

"ஆமாம்மா."

"போன வச்சிட்டு, ஓடுதாம், அம்மான்னு என்னையப் பாத்து சிரிச்சா. அப்பறந்தான் கண்ண மூடித் தூங்குனா. மூணு நாளா தூங்காத புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய் என்பதும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்க்கிறேன்.