இந்த நாட்டுக்கு வராத ஜீப்

மச்சான்,

உன் ஜீப்பின் பின்கதவுப் பூட்டு என் சமையலறை மேசையில் கிடக்கிறது. கழற்றி வைத்து ஒரு வாரமாகிறது. கிறீஸும் கடலுப்பும் கலந்த அதன் மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது. உள்ளே ஒரு சின்ன நாக்கு உடைந்திருக்கிறது, சுண்டுவிரல் நகத்தளவுதான். அதை வாங்கத்தான் நேற்று வெஸ்ட்கேட்டில் இருக்கிற ஜீப் கம்பெனிக் கடைக்குப் போனேன்.

உதிரிப்பாகம் விற்கிற கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வண்டியின் இலக்கத்தைக் கணினியில் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு வண்டி இல்லையே" என்றாள். வெளியே நிற்கிறது, பார் என்றேன். எட்டிப் பார்த்தாள். "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பிராந்தியத்துக்கு அந்த மாடல் வரவில்லை. வராத வண்டிக்கு நான் எப்படிப் பூட்டுத் தருவது?" என்றாள்.

பிராந்தியம்! அந்தச் சொல்லை உன்னோடு சேர்ந்து எத்தனை வாயால் கேட்டிருப்பேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது என்னை விடுவதாயில்லை.

உனக்குத் தெரியாத கதை ஒன்றுமில்லை. ஆனாலும் முதலிலிருந்து ஒருமுறை சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும். இருந்த காலத்தில் என்னை எங்கே பேச விட்டாய்?

நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர்கள். மேற்கு மலைப்பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு நகரத்துத் தண்ணீர் போவதில்லை. கூரையில் விழுகிற மழையைத் தாங்கியில் பிடித்து, பம்பால் வீட்டுக்குள் தள்ளுவார்கள். பம்பு நின்றால் எங்களுக்குப் போன் வரும். கிளென் ஈடனில் என் வீட்டுக் கராஜ்தான் பட்டறை. நீ லின்ஃபீல்டிலிருந்து காலையில் வந்துவிடுவாய். எங்கள் வெள்ளை வான் ஈரமான சரளைப் பாதையில் ஏறாமல் வழுக்கியது என்று ஒரு பழைய ஜீப் வாங்கினோம். அது எந்தச் சேற்றிலும் ஏறியது. ஆனால் சுற்றிவரக் கண்ணாடி. பின்னால் இருக்கிற கருவிகளைத் தெருவில் போகிறவனெல்லாம் பார்த்துக்கொண்டு போவான். ஒருநாள் டெய்ரி என்கிற மூலைக்கடையில் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம், நிலமெல்லாம் கண்ணாடித் தூள், உள்ளே ஒரு குறடுகூட மிச்சமில்லை. புதிதாக வாங்கி நிரப்பினோம். மறுபடியும் உடைத்தார்கள். தூளைக் கூட்டி அள்ளியபடி நீ சொன்னாய்:

"மச்சான், இனி யன்னல் இல்லாத வண்டிதான்."

"யன்னலும் இருக்கக்கூடாது, மலையும் ஏறவேணும் எண்டால் எங்கை போறது?"

"எங்கையும் இருக்கும்."

இருந்தது. இந்தப் பூமியின் மறுபக்கத்தில் இருந்தது. உன் தங்கையின் மகளுக்கு முதல்நன்மைப் பூசை என்று நீ அயர்லாந்துக்குப் போனாய். திரும்பி வந்து போனில் படம் காட்டினாய். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளையைப் பார்க்கலாம் என்று நான் கண்ணாடியை எடுத்து மாட்டினால், படமெல்லாம் ஜீப்! மாட்டுப் பண்ணையில் ஜீப், கோவில் வாசலில் ஜீப், மழையில் நனைகிற ஜீப். முன்னால் இரண்டு இருக்கை, அதற்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர், பக்கத்தில் யன்னல் இருக்கவேண்டிய இடமெல்லாம் முழுத் தகடு. அங்கே சாமான் ஏற்றுகிற வண்டிக்கு வரி குறைவாம், அதனால் கம்பெனியே அப்படிச் செய்து விற்கிறதாம். "பிள்ளையின்ரை படம் எங்கையடா?" என்று கேட்டதற்கு, "அந்தா, கதவுக்குப் பக்கத்திலை நிக்கிறாள்" என்றாய். கை மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு நீ மனிதனாக இல்லை. இந்த நகரத்தில் ஜீப் விற்கிற ஒரு கடையையும் விடவில்லை. பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைப்பாய். ஒருவர் இல்லை என்றார். ஒருவர் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்றார். கடைசியில் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். நீ போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஆஸ்திரேலியாக்காரன் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டானாம். அவன் எடுக்காட்டி எங்களுக்கும் வராதாம். ரெண்டு பேரும் ஒரே பிராந்தியமாம். ஏன்டா, அவனுக்குப் பாலைவனம், எங்களுக்குச் சேறு. என்ன ஒரே பிராந்தியம்?"

நான் என்ன மாற்று வழி சொல்லாமலா விட்டேன்? பின்னால் பெட்டி வைத்த யூட் வண்டி எடுப்போம் என்றேன். ஊரில் பாதிப் பேர் அதில்தானே வேலைக்குப் போகிறார்கள். நீளம் கூட, மலை வீட்டு வாசலில் திருப்ப ஏலாது என்றாய். இருக்கிற கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவோம் என்றேன். "கறுப்புச் சட்டை போட்டாலும் கண்ணாடி கண்ணாடிதானடா, உடையும்" என்றாய். எதற்கும் உன்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் சரியாகவும் இருந்துவிடும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

கடைசியில் உன் தங்கையின் புருஷன், உன் மச்சினன், அங்கே ஒன்றைத் தேடிப் பிடித்துக் கப்பலேற்றினான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். துறைமுகத்தில் சில்லுக்கு மேலே அயர்லாந்துச் சேறு இருக்கிறதென்று பிடித்து வைத்தார்கள். கழுவினார்கள். இன்னும் இருக்கிறதென்று திரும்பவும் கழுவினார்கள். பிறகு பதிவு. இது ஆள் ஏற்றுகிற வண்டியா, சாமான் ஏற்றுகிற வண்டியா என்று கேள்வி. அவர்களுடைய கணினியில் இந்தப் பெயருக்கு நேரே யன்னல் வைத்த வண்டி மட்டும்தான் இருந்தது. கம்பெனியிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். இங்கேயுள்ள கம்பெனி, நாங்கள் விற்காத வண்டிக்கு நாங்கள் எப்படிச் சொல்வது என்றது. அங்கேயுள்ள கம்பெனி, உங்கள் பிராந்தியத்தில் கேளுங்கள் என்றது. மாரி முழுக்க இதே பேச்சு. நான் பழைய வானைத் தள்ளித் தள்ளி வேலைக்குப் போனேன். நீ வரிசையில் நின்றாய்.

ஒருவழியாக இலக்கத்தகடு மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உன் மனைவி ஜெனிற்றா வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளையள் எங்கை இருக்கிறது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த வண்டியில் பின்னால் என்ன நடக்கிறதென்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. முதல் வாரமே ஒரு தபால்பெட்டியைச் சாய்த்தாய். அதைவிட மோசம் சாய்வாக வந்து சேருகிற சந்திகள். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் தகடுதான் தெரியும். ஆகவே பக்கத்தில் இருக்கிறவன் முன்னுக்குச் சரிந்து பார்த்து, "இடப்பக்கம் ஒண்டுமில்லை, விடு" என்று சொல்லவேண்டும். பம்பு மெக்கானிக்காக இருந்த நான் இந்த வயதில் பஸ் கண்டக்டர் ஆனேன்.

இப்போது மலைமேல் இருக்கிற ஹெலன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதை நீ எல்லோருக்கும் சொல்லுவாய். நான் சொல்லுகிற மாதிரி ஒருமுறை கேள்.

நாலைந்து நாளாக மழை விடவில்லை. மலையில் மண் சரிந்து றோட்டின் ஒரு பக்கம் போய்விட்டது. அப்போதுதான் ஹெலனின் புருஷன் போன் எடுத்தார். பம்பு எரிந்துவிட்டது. ஹெலனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, வீட்டிலேயே இயந்திரம் வைத்து இரத்தம் சுத்தம் செய்கிறவள். இயந்திரத்துக்குத் தண்ணீர் ஓடவேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது, கால் வீங்கத் தொடங்கிவிட்டது. அவளை வெளியே எடுக்கலாமென்றால் அவர்களுடைய சின்னக் கார் அந்தப் பாதையில் இறங்காது. ஹெலிகொப்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள், மேகம் விலகவேண்டும். "உங்களால் வர முடியுமா?" என்று கேட்டார்.

நீ புதுப் பம்பையும் அதன் மின்பெட்டியையும் போர்வையில் சுற்றிப் பின்னால் வைத்தாய். மின்பெட்டி கைவசம் ஒன்றுதான் இருந்தது. றோட்டில் நின்ற வேலையாள் வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, விஷயத்தைக் கேட்டதும் மெல்லப் போகச் சொல்லி விட்டான். ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் தண்ணீர் வடிகிற மண்சுவர். நான் வாய்க்குள் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ விசிலடித்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் மேலேயிருந்து கல் வந்தது. சத்தத்தில் என் உயிர் போய் வந்தது. நீ நிறுத்தவில்லை. மேலே போய், வாசலில் நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். வலப்பக்கத் தகட்டில், சரியாக யன்னல் இருக்கவேண்டிய இடத்தில், தேங்காயளவு ஒரு பள்ளம். உள்ளே மின்பெட்டி போர்வைக்குள் அசையாமல் இருந்தது.

நீ தகட்டைத் தடவினாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக நீ ஆயிரம் வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன்.

புதுப் பம்பைப் பொருத்தினோம். குழாயில் முதலில் காற்று இருமியது, பிறகு தண்ணீர் வந்தது. ஹெலனின் புருஷன் சுவரில் சாய்ந்து நின்று கையால் முகத்தை மூடிக்கொண்டார். இயந்திரத்தைத் தயார் செய்து அவளுக்குக் குழாய் மாட்டி முடித்ததும் அவள் யன்னலால் வெளியே பார்த்து, "இந்த விசித்திரமான வண்டி எங்கே கிடைத்தது?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நீ கதிரையை இழுத்துப் போட்டு அயர்லாந்திலிருந்து தொடங்கினாய். அவளுக்கு எழுந்து போகவும் வழியில்லை, கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. துறைமுகத்துச் சேறு கழுவுகிற இடம் வந்தபோது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்தது. நான் அடுப்படியில் நின்று அவர் தந்த தேநீரைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது சொன்னேன்: "யன்னல் இருந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பம்."

"மின்பெட்டி?"

"போர்வைக்குள்ளைதானே இருந்தது."

"சரியடா," என்றாய். இன்றைக்கும் சொல்கிறேன், போர்வை காப்பாற்றியிருக்கும். இதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இனி யாரோடு வாதாடுவது?

நீ போனதும் உன் பாணியில்தான். நோய் வருத்தம் என்று ஒரு நாள் படுக்காமல், சனிக்கிழமை காலை வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறாய். ஜெனிற்றா போனில் "அண்ணா, வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். நான் வந்தபோது குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

உன்னை அந்த ஜீப்பிலேயே கோவிலுக்குக் கொண்டு போகவேண்டுமென்று அவளுக்கு ஆசை. நான் அளந்தேன். தடுப்புச் சுவர் இடித்தது. கழற்றிப் பார்ப்போமென்று திருகுசாவியை எடுத்தேன். அடக்க ஏற்பாடு செய்த பெண்மணி என் கையைப் பிடித்து, கழற்றினாலும் நீளம் போதாது, வேண்டாம் என்றாள். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தாயே, ஒரு சாண் நீளமான மாடலாகப் பார்த்து வாங்கத் தோன்றவில்லையா உனக்கு?

பிள்ளைகள் என் மனைவியோடு காரில் போனார்கள். ஜெனிற்றா ஜீப்பில் என் பக்கத்தில் ஏறினாள். உன் பெட்டி முன்னால் போகிறது, நாங்கள் பின்னால். அந்தச் சாய்ந்த சந்தி வந்ததும் நான் நின்றேன். கழுத்தைத் திருப்பினேன், தகடு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குச் சரிந்து பார்த்தாள். "இடப்பக்கம் ஒண்டுமில்லை அண்ணா, விடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு றோட்டே தெரியவில்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ.

ஜீப்பை விற்றுவிடலாமென்று பார்த்தோம். வந்து பார்த்தவர்களெல்லாம் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காப்புறுதி புதுப்பிக்கப் போனால், கணினியில் மாடலைத் தெரிவு செய்யச் சொல்கிறார்கள், அதில் இது இல்லை. ஆகவே நான்தான் ஓட்டுகிறேன். ஹெலன் வீட்டுக்கு வருஷம் ஒருமுறை பம்பு பார்க்கப் போகிறேன். போன முறை, "அந்தச் சேற்றுக் கதையை ஒருமுறை சொல்லுங்கள்" என்றாள். எனக்கு உன்னைப்போல் சொல்ல வரவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

உடைந்த நாக்குக்குப் பதில் புதிதொன்றை உன் மச்சினன் அங்கேயிருந்து தபாலில் அனுப்புகிறானாம். அது இருக்கட்டும். நேற்று அந்தக் கவுண்டர்ப் பிள்ளை, விற்பனைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், புது மாடல் வந்திருக்கிறது என்றாள். போனேன். இளைஞன் ஒருவன் பளபளவென்று நிற்கிற ஒரு ஜீப்பைக் காட்டினான். சுற்றிவரக் கண்ணாடி. "இதிலே யன்னல் இல்லாதது?" என்று கேட்டேன். "அங்கே இருக்கிறது. இங்கே கொண்டுவருகிற எண்ணமில்லை. யாரும் கேட்பதில்லையே" என்றான்.

மச்சான், எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. யூட் ஏன் திரும்பாது, கறுப்புத் தாள் ஏன் உதவாது, சேறும் பாலைவனமும் எப்படி ஒன்றாகும் என்று உன் வாதம் முழுவதையும் உன்னைவிட உரத்த குரலில் நின்று கொட்டினேன். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பயந்துபோய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"கேட்கிறவர்களின் பெயரை மேலிடத்துக்கு அனுப்பலாம். உங்களைப் போடட்டுமா?"

"போடு. இன்னொருவர் இருக்கிறார், அவரையும் போடு."

"யார்?"

"என் கூட்டாளி."

"அவர் பெயர்?"

உன் பெயரை முழுதாக, எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். தகப்பன் பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாம் சேர்ந்து அது எவ்வளவு நீளமென்று உனக்குத் தெரியும். அவன் தட்டிக்கொண்டே வந்து, பாதியில் நிமிர்ந்தான்.

"இன்னும் முடியவில்லையா?"

"இல்லை," என்றேன்.