மெத்தை அறையில் கலந்த பாட்டு

அன்புள்ள பட்டாணிக்கு, சித்தப்பா எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் இங்கே நலம், அதில் என் நலம் மற்ற இருவருடையதைவிட ஒரு பிடி கூடுதல், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் கண் பார்த்துவிட்டு உன் கண்ணையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் பாதி பாதியாகக் குறைக்கிறாள், ஒரு சேதியும் முழு உருவத்தோடு உன்னிடம் வந்து சேருவதில்லை. காகிதம் குறுக்கே பேசாது. அதோடு இந்த உறைக்குள் ஒரு சின்னப் பென் டிரைவும் வருகிறது, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. சித்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படுகிறேன். மாடியில் இருக்கிற நம் தையல்காரர், நம் பாட்டுக்குழுவில் வாசித்த பேஸ் கிடாரைச் சுவரில் மாட்டிவிட்டார், தையல் மெஷினை மட்டும் விடுவதாக இல்லை. உன் அப்பா இன்னும் பஸ் நிலையத்தில் நேரம் எழுதுகிற வேலையில்தான் இருக்கிறான், ஒரு பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவரைவிட அவனுக்குத்தான் வேர்க்கிறது. உன் அறையை நான் எடுத்துக்கொண்டேன், கோபிக்காதே, உன் துணியெல்லாம் அலமாரியில் அப்படியே தொங்குகிறது. நான் வேலை பார்க்கிற மெத்தைக் கடையில் ஓரம் கிழிந்த நுரைப் பலகைகளை முதலாளி தூக்கிப் போடச் சொன்னார், நான் என் வீட்டுச் சுவரில் போட்டேன். நாலு சுவரும், கதவின் பின்புறமும், ஜன்னலுக்கு மேலே ஒரு முழமும் மெத்தை. இப்போது அந்த அறைக்குள் தெருச் சத்தம் வருவதில்லை, மதிய வெயில் மட்டும் திரைச்சீலை வழியாக மஞ்சளாக வந்து தரையில் படுத்துக்கொள்கிறது. கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேன் சார் என்று உட்கார்ந்தவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போனார். சித்தி இருபது நிமிஷம் என்பாள், அவளும் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும்.

எதற்கு இத்தனை ஏற்பாடு என்றால், உன் சித்தப்பா பாட்டு மிக்சிங் கற்றுக்கொண்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே விடை கொடுத்தவன், இருந்தாலும் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் இந்தக் கலையை நாலே மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொல்லித் தருகிறார், பெரிய ஆள், உலகமே அவரிடம் கற்கிறது, நான் ஒரு சந்தேகம் எழுதிப் போட்டேன், அவர் அதற்கு ஒரு இதயம் போட்டார், அன்றிலிருந்து நாங்கள் நெருங்கிய நண்பர்கள். விஷயம் கஷ்டமில்லை கண்ணு. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வரிசையில் பதிவாகியிருக்கும், அதை டிராக் என்பார்கள். எதை உயர்த்துவது எதைத் தாழ்த்துவது, எதை இடது காதுக்கு அனுப்புவது எதை வலது காதுக்கு அனுப்புவது, எதைக் கன்னத்தருகே வைப்பது எதைக் கூடத்தின் மறுகோடியில் வைப்பது, இதுதான் மிக்சிங். எல்லாம் முடிந்த பிறகு எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் முகம் மாறாதபடி கடைசியாக ஒரு மெருகு போடுவது மாஸ்டரிங். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் பாட்டு ஒரு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அக்கார்டியன் சமையலறைப் பக்கத்திலிருந்து வருகிறது, பேஸ் கிடார் தரைக்கு அடியில் நடக்கிறது, நான் அந்த வீட்டுக்குள் வெறுங்காலோடு அறை அறையாகப் போகிறேன், யாரும் என்னைப் பார்ப்பதில்லை. சில மதியங்களில் எழுந்து வந்தால் எது நம் வீடு எது அந்த வீடு என்றே கொஞ்ச நேரம் புரிவதில்லை, சித்தி கூப்பிட்டால் அவளை எந்தப் பக்கத்துக் காதில் வைப்பது என்று யோசிக்கிறேன்.

பழகுவதற்கு என்னிடம் இருந்த பதிவு ஒன்றே ஒன்றுதான். பிஸ்கட் கம்பெனி ஆண்டு விழாவில் நாம் வாசித்தபோது, மைக்குகளையெல்லாம் இணைக்கிற நம் மிக்சர் பெட்டி தானாகப் பதிவு செய்த அந்த மெமரி கார்டு. அந்த நாளை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், நீ பார்த்தது உன் பக்கத்திலிருந்து மட்டும். நீ பாடினாய், உன் அப்பா, அதாவது என் அண்ணன், அக்கார்டியன், தையல்காரர் பேஸ், நான் டிரம்மும் மிக்சரும் இரண்டும், எதிரே இரண்டாயிரம் பேர், சித்தி இருநூறு என்பாள். இரண்டாவது சரணத்தில் சுருதி விலகியது. அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கிலேயே, சுருதி கேக்காதவளுக்கு மேடை எதுக்கு, இறங்கு என்றான். கீழே வந்து நீ, எனக்கு என் குரலே கேக்கலப்பா என்றாய், அவன், காரணம் சொல்லாதே என்றான், என்றாலும் என் பக்கம் திரும்பி, ஸ்பீக்கர் சரியா இருந்துச்சாடா என்று ஒரு வார்த்தை கேட்டான். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, நான் வச்ச ஸ்பீக்கர் என்னைக்கு அண்ணே சரியில்லாம இருந்திருக்கு என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அடுத்த மாதம் நீ பெட்டி கட்டினாய். மூன்று வருஷமாக எனக்கும் சித்திக்கும் போன் செய்கிறாய், எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்கிறாய், அந்த எல்லாருக்குள்ளே அவனை ஒளித்து வைத்துக் கேட்கிறாய். நீ பாடுவதும் இல்லை என்று சித்தி சொன்னாள்.

இப்போது கேள். மிக்சிங்கில் சோலோ என்று ஒரு பட்டன் உண்டு, எந்த டிராக்கில் அதை அழுத்துகிறோமோ அது மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். ஒரு ஞாயிறு மதியம் உன் டிராக்கில் அழுத்தினேன். வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைந்து ஒரே ஒரு அறையில் மட்டும் வெளிச்சம் இருப்பது போல் இருந்தது, அந்த அறையில் நீ நின்றாய். உன் மூச்சு கேட்டது, செருப்பு நுனியால் தாளம் தட்டுவது கேட்டது. முதல் சரணம் முடிந்து நீ மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறாய், சித்தப்பா, எனக்கு என் குரல் கேக்கல. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, சித்தப்பா, ஸ்பீக்கர். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாய் தங்கம், நான் ஆறடி தூரத்தில் இருந்தேன், என் டிரம் சத்தத்தில் என் காதில் விழவில்லை. பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளக் காலடியில் வைக்கிற ஸ்பீக்கர் அன்றைக்கு ஒன்றுதான் வேலை செய்தது. அதை நான் என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன், என் டிரம் எனக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று. தாடிக்காரர் மூன்றாவது பாடத்திலேயே சொல்கிறார், தன் குரல் கேட்காமல் பாடச் சொல்வது கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வது போல் என்று. உன் சித்தப்பா எதையும் சின்னதாகச் செய்கிறவன் இல்லை, தப்பும் அப்படித்தான் செய்திருக்கிறேன். விலகியது உன் சுருதி இல்லை, அந்த ஸ்பீக்கர். சித்தி இதில் எதையும் பாதியாகக் குறைக்க மாட்டாள், அவளிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை நீயே அறிந்திருக்க மாட்டாய். அண்ணன் நிறுத்தியதும் எல்லோரும் நிறுத்திவிட்டோம், நீ மட்டும் நிறுத்தாமல், அவன் மைக்கில் பேசுவதற்குள் மேலும் இரண்டு வரி பாடியிருக்கிறாய். கீழே கூட்டம் சிரித்த சிரிப்பில் அதை யாரும் கேட்கவில்லை. எங்கள் சத்தம் நின்றதால் உன் குரல் முதன்முதலாக உனக்குக் கேட்டிருக்கிறது, அந்த இரண்டு வரியிலும் சுருதி நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. நான் நம்பாமல் கம்ப்யூட்டரில் அளந்தும் பார்த்தேன், முடியளவும் விலகவில்லை. அந்த இரண்டு வரியை அந்த மெத்தை அறையில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை, வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று எட்டு நாள் யோசித்தேன். அவன் ஒரு விடுமுறை நாளில் ஷேவ் செய்துகொண்டிருந்தான், அண்ணே ஒரு நிமிஷம் வா, ஒரு சந்தேகம் என்று கூட்டிப்போய் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, உன் டிராக்கை மட்டும் போட்டேன். கன்னத்தில் பாதி நுரையோடு கேட்டான். நீ முதல் முறை சித்தப்பா என்று கூப்பிட்ட இடத்தில் என்னைப் பார்த்தான். அந்த இரண்டு வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும், நீயா திருப்பி வச்சே என்றான். ஆமாம் அண்ணே என்றேன். நான் அன்னைக்குக் கேட்டேனேடா என்றான். கேட்டே அண்ணே, நான்தான் வழக்கம்போலப் பேசிட்டேன் என்றேன். எழுந்து போய் மீதிக் கன்னத்தை மழித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டான், விடுமுறை நாளில். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மெத்தை அறைக் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தேன்.

நாலாம் நாள் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பாட்டை நான் நிறுத்துன எடத்துலேருந்து ஆரம்பிடா என்றான். தையல்காரரிடம் போய் ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொன்னேன், அவர், யார் வாசிக்கறாரு, பெரியவரா, அப்ப ஒரு நாள் முழுக்க நிறுத்தறேன் என்றார். உன் இரண்டு வரிகளுக்குக் கீழே உன் அப்பா வாசித்தான். பஸ்ஸுக்கு ஒரு நிமிஷம் பொறுக்காதவன், நீ மூச்சு இழுக்கிற இடத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான், நான் பார்த்தேன். அதன் பிறகு கலந்து போட்டுக் காட்டினேன். என்னைக் குறைடா, அவ வார்த்தை கேக்கல என்றான். குறைத்தேன். இன்னும் குறை என்றான். அண்ணே, இதுக்கு மேல குறைச்சா நீ வாசிச்சதே வீண் என்றேன். வீணாப் போகட்டும், குறை என்றான். இப்போது அக்கார்டியன் துருத்தி திறந்து மூடுகிற மூச்சு மட்டும் உன் குரலுக்குப் பின்னால் வந்துபோகிறது, யாரோ அடுத்த அறையில் தூங்குவது போல. இரண்டு வரி முடிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை, கடைசிச் சரணத்தைப் பாடகர் இல்லாமலே முழுக்க வாசித்திருக்கிறான், உன் மூச்சுக்கெல்லாம் இடம் விட்டு. அண்ணே, இந்த எடத்துலயாவது உன்னைக் கொஞ்சம் உயர்த்தட்டுமா என்றேன். வேண்டாம், அவ பாடறப்போ எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவே இருக்கட்டும் என்றான்.

மாஸ்டரிங்கில்தான் எனக்கும் அவனுக்கும் சண்டை. எல்லாவற்றையும் சத்தமாக்குவதுதான் இந்தக் காலத்து வழக்கம், நானும் ஒரு ஏற்று ஏற்றினேன், அவன் கேட்டுவிட்டு, ஏன்டா கத்தறே என்றான், அழித்துவிட்டு மறுபடி மெதுவாகச் செய்தேன். சமையலறை ரேடியோவில், சித்தியின் போனில், எங்கள் கடை ஸ்பீக்கரில் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடையில் மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நல்லா இருந்துச்சே, பாட்டு நின்னு போச்சா தம்பி என்றார். இல்லைங்கம்மா, ஒரு பொண்ணு வரணும், அதுக்குக் காத்திட்டிருக்கு என்றேன். அவர் அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து கடைசி வரை கேட்டுவிட்டுப் போனார்.

பென் டிரைவில் இருப்பது அதுதான். போன் ஸ்பீக்கரில் கேட்காதே, இரண்டு காதிலும் ஹெட்போன் வைத்துக் கேள். உனக்கு மனம் வந்தால், வந்தால் மட்டும், அங்கே உன் அறை அலமாரியைத் திறந்து தொங்குகிற துணிகளைப் பார்த்து நின்றுகொள், துணி சத்தத்தைக் குடிக்கும், எதிரொலி வராது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசிச் சரணத்தைப் பாடி அனுப்பு. மெருகு ஒன்றும் போடாதே, அதற்கு நான் இருக்கிறேன். இதில் என் டிரம் எங்கே என்று தேட வேண்டாம், அந்த டிராக்கை அணைத்துவிட்டேன். உலகத்திலேயே நான் மிக நன்றாக வாசித்தது அதில்தான் என்று தாடிக்காரருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் இதயம் வரவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, சித்தி இதைத் தனியாக எழுதச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக இருக்க எங்கள் ஆசி. அப்பாவிடம், கடுதாசி எழுதறேன், நீ ஏதாவது சொல்லணுமா அண்ணே என்று கேட்டேன். நான் என்னத்தைச் சொல்ல என்று வாசல் வரை போய்விட்டான், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் திரும்பி வந்து நின்றான். இப்போ அவ குரல் அவளுக்குக் கேக்குதான்னு மட்டும் எழுதிக் கேளு என்றான்.

இப்படிக்கு,
மூன்று வருஷம் தாமதமாக ஸ்பீக்கரை உன் பக்கம் திருப்பி வைக்கும்
உன் சித்தப்பா