தங்க எழுத்துப் படம்

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

மனசு ஆறவில்லை. நாகர்கோவில்காரர்கள் மாடியில் சோலார் வைக்க மானியம் கேட்டு விண்ணப்பிப்பதற்கு, என் தங்கை மகள் சுபா ஒரு இணையதளம் செய்கிறாள். அதில் பாதி மூளை என்னுடையது. நான் ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது ஷேக்கே என்னைக் கேட்டுத்தான் கடைக்குப் போர்டு வைப்பான். விண்ணப்ப விவரம் முழுவதையும் கல்யாண வாழ்த்து மாதிரித் தங்க எழுத்தில், மூலையில் என் போட்டோவோடு, ஃபிளெக்ஸ் கடையில் ஒரே படமாக்கிக் கொடுத்தேன். "படமா இல்லாம எழுத்தா இருந்தாத்தான் எல்லாருக்கும் ஆவும், மாமா" என்றாள். நான் விடவில்லை.

இன்று எங்கள் தெருவில் இருக்கும் கண் தெரியாத தங்கராசு இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க வந்தான். அவன் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும். தெருவே கூடி நிற்க, என் பக்கத்தைத் தொட்டான். போன் "படம்" என்றது. மறுபடியும் "படம்".

"என்னவேய், வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு?"

"ஒம்ம போன் கேடுவேய். அதுல எல்லாம் தங்க எழுத்துல கெடக்கு. என் போட்டோவும் உண்டு."

"அப்ப கண்ணு தெரியாதது நல்லதாப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "ஒரு மனுவாவது தம்பியக் கெஞ்சாம நானே போடலாம்னு வந்தேன்வேய்" என்று எழுந்து போய்விட்டான்.

சாயங்காலமே சுபா படத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தைப் போட்டாள். அவள் போனில் வாசிக்க வைத்தாள்; ஒரு வரி தப்பாமல் வாசித்தது. "நீங்களே போயி அவரக் கூப்பிடுங்க, மாமா" என்கிறாள். போகலாம். வாசலில் நின்று இருமினாலே ஆள் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டேன்.