கழுத்துவரை ஊற்றிய பச்சைத் தண்ணீர்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட எத்திராஜுக்கு,

அக்கா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள் கையெழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருடம். பேப்பரில் உன் போட்டோவும் கீழே நாலு வரியும் போட்டால் போதும் என்றான் என் மகன். நாலு வரியில் அடங்குகிற தப்பையா நான் செய்திருக்கிறேன்? நாலு பேர் எதிரில் உன்னைப் பேசியவள், நாலு பேர் படிக்கும்படிதான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் குட்டியானையில் கோளாறு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முடிச்சூரில் எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் விசேஷ வீடுகளுக்கு ஏற்றிப் போகிற சின்ன லோடு வண்டியைத்தான் குட்டியானை என்கிறோம். எத்திராஜ் என் தம்பி. பெருங்களத்தூர் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை செய்தவன்.

அந்தப் பெரிய வெள்ளத்தில் நீ இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாய். பிரியாணி அண்டாவைக் கவிழ்த்துக் கழுவி, என்னை அதில் உட்காரவைத்து, மேட்டு ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாய். "அக்கா, நீ கனமா, அண்டா கனமா? ஒண்ணும் புரியலையே!" என்றாய். என் வீட்டுக்காரர், உன் மாமா, பின்னால் நடந்து வந்தவர், தலையில் மூட்டையோடு அப்படிச் சிரித்தார். அவர் அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார்.

அவர் போன பிறகு மூன்று மாதம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி எடுத்த முதல் நாளே சூடேறி, இன்ஜின் தலைமூடிக்கு அடியில் வைக்கிற ஹெட் கேஸ்கட் தகடு போயிற்று. நீதான் இன்ஜினைப் பிரித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாய். அடுத்த வாரமே தொல்லை தொடங்கியது. லோடு போய்த் திரும்பினால் வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர். இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலண்ட் பூராவும் டப்பாவிலிருந்து பொங்கி ரோட்டில் கொட்டிக்கொண்டே வந்தது. நாலு பேர் நின்றிருந்த உன் கொட்டகைக்கு நான் நேரே வந்தேன்.

நீ வண்டியைக் கிளப்பினாய், மூடியைத் திறந்தாய், குனிந்து பார்த்தாய். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தாய்.

"கோளாறு வண்டில இல்லக்கா. உன் கைலதான் கீது."

"இன்னாடா சொன்னே?"

"உன் கைலதான்னேன். நீ இன்னா பண்றேன்னா..."

"தாலியறுத்தவ கைன்றியா? இத்தினி பேர் எதுர்ல சொல்லிக் காட்றியா?"

"ஐயோ, இருக்கா! இன்னா பேசறே நீ?"

"நீ பாத்த வேலை ஊத்திக்கிச்சு. பழிய என் கை மேல போடாதே!"

அதோடு வண்டியில் ஏறிவிட்டேன். நீ கூடவே நாலு எட்டு ஓடிவந்தாய். டிரைவரை நிறுத்தவிடவில்லை நான்.

அந்த வாரம்தான் ஒரு கல்யாண வீட்டில், பாத்திரம் இறக்கப் போன என்னைப் பார்த்து, "மொத பாத்திரத்த மட்டும் வேற யாராவது எடுத்துக் குடுங்களேன்" என்று சிரித்தபடி கேட்டார்கள். அவர்கள் பெயர், தெரு, அந்தம்மா கட்டியிருந்த புடவையின் நிறம், எல்லாம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் புண்ணின் மேல்தான் உன் வார்த்தை விழுந்தது. அது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான்தான் உன்னிடம் சொல்லவே இல்லையே.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். பாத்திரம் இறக்கிய வீட்டிலெல்லாம் சொன்னேன்: "எத்திராஜ் தொட்டா வண்டி பச்சையா வாந்தி எடுக்கும்." சொல்ல நன்றாக இருந்தது, அதனால் பரவியது. ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் நீ கொட்டகையைப் பிரித்தாய். கேளம்பாக்கத்தில் இன்னொருவர் ஷெட்டில் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். "நல்லா ஆவட்டும்" என்றேன். ஆமாம், சொன்னேன். மறைக்கமாட்டேன்.

ஏழு வருடம் வண்டியும் கக்கிக்கொண்டேதான் இருந்தது. ஒருவர் மூடியை மாற்றினார். ஒருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் நீ போட்ட கேஸ்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தமாத்தாம்மா கீது" என்றார். அவரையும் திட்டி அனுப்பினேன்.

நீ போன அன்றைக்கு வந்தேன், எத்திராஜு. ஊரப்பாக்கத்தில் உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். "எறங்குங்கம்மா, மொகத்த ஒருதபா பாத்துட்டு வந்துடுங்க" என்று டிரைவர் கெஞ்சினான். "வண்டி ஹீட்டாவுது, நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். அன்றைக்கும் வண்டிக்கு அடியில் பச்சையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "செத்தும் விடலையே இவன் வேலை" என்று அதையும் உன்மேல்தான் போட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு என் வண்டியைத் தாண்டித்தான் போனார்கள். நான் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பியின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றால், கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாயே, அப்போதுதான்.

போன மாதம் சேலையூர் பக்கம் லோடு இறக்கிவிட்டு வரும்போது வண்டி மறுபடி கொட்டியது. பக்கத்திலேயே ஒரு ஷெட். அமலன் என்று பெயர், நடுவயது ஆள், கழுத்தில் சிலுவை. "சூட்டுல மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும். நிக்கட்டும்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். ஆறிய பிறகு மூடியின் ரப்பரை அழுத்திப் பார்த்தார். மூடியில்லாமல் கிளப்பி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். "குமிழி இல்ல. கேஸ்கட்டு கல்லு மாதிரி கீது" என்றார். ஃபேன் சுற்றியது, மேல் ஹோஸ் நேரத்துக்குச் சூடேறியது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"காலைல கூலண்ட் ஊத்துறது யாரு?"

"நான்தான். ஏன்?"

"எவ்ளோ ஊத்துவீங்க?"

"கழுத்து வரைக்கும். குறைவா விடுவாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அப்ப கோளாறு வண்டில இல்லம்மா. ஊத்துற கைலதான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்துவிட்டேன். ஆனால் வண்டியின் மூடி அவர் கையில் இருந்ததே, எங்கே போவது? அதனால் அடுத்த வார்த்தையையும் கேட்டேன். அந்த ஒரு மூடி உன் கையில் இருந்திருக்கக்கூடாதா, எத்திராஜு?

டப்பாவைத் துடைத்துக் காட்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ. டப்பா செய்யும்போது அச்சில் விழுந்த கோடு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதாம்மா நிக்கணும். சூடானா அது பொங்கும், பொங்க எடம் வேணாமா? நீங்க ரொப்பி வெச்சா எங்க போவும், ரோட்லதான் ஊத்தும். ஆறினா மிச்சத்த ரேடியேட்டர் இழுத்துக்கும், டப்பா கொறைஞ்சு தெரியும். நீங்க மறுபடி ரொப்புவீங்க. தெனமும் பொங்கல் வெக்கிறீங்கம்மா நீங்க!"

உன் மாமா இருந்தவரைக்கும் காலையில் ஊற்றுகிற வேலை அவருடையது. அவருக்கு அந்தக் கோடு தெரிந்திருக்கிறது. நீ ஹெட் வேலை முடித்துக் கொடுத்த அன்றைக்குத்தான் அந்த வேலையை நான் கையில் எடுத்தேன். அவர் செய்த ஒன்றும் நின்றுவிடக்கூடாது என்று எடுத்தேன். நம் அம்மா என்ன சொல்லி வளர்த்தாள்? விளக்கு வைக்கிற வீட்டில் குடம் குறைவாக இருக்கக்கூடாது, தளும்ப வை என்று. அவர் போன வீட்டில் குறைவாக எதைப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. குடத்தைத் தளும்ப வைத்தேன், அரிசி டின்னைத் தளும்ப வைத்தேன், கூலண்ட் டப்பாவையும் தளும்பத்தான் வைத்தேன். பால் காய்ச்சும்போது மட்டும் பாத்திரத்தில் இடம் விடத் தெரிந்தவளுக்கு, இது தெரியாமல் போயிற்றே.

இப்போது கோட்டுக்கு நடுவில் ஊற்றுகிறேன். ஒரு மாதமாக ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தினமும் சாயங்காலம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன், தரை காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. கொட்டிக்கொண்டிருந்தபோது திட்டவாவது நீ இருந்தாய்.

சரோஜாவுக்குப் போன் செய்தேன். உன் பெண்டாட்டி இன்னும் அதேதான். என் மகளின் சடங்கில் பாதிப் பந்தியில் எழுந்து போனவள், அதை நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இத்த என்கிட்ட ஏன் சொல்றீங்க அண்ணி? யார் யார்கிட்ட அவரு பேரக் கெடுத்தீங்களோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் பேசிய வார்த்தையில் இது ஒன்று சரி.

அதனால் லோடு போகிற வழியில் பழைய வீடுகளில் ஏறி இறங்குகிறேன். "எத்திராஜ் மேல தப்பில்லம்மா, என் கைதான் தப்பு" என்கிறேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "எந்த எத்திராஜ்?" பாதி வீடு இடித்து ஃபிளாட் ஆகிவிட்டது. இருக்கிறவர்களுக்கும் உன் ஞாபகம் இல்லை. நேற்று ஒரு வயசான டிரைவர் மட்டும் யோசித்துவிட்டு, "பச்சை வாந்தி... அது இன்னாவோ சொல்வாங்களே" என்று சிரித்தார். நான் சொன்ன வார்த்தை இருக்கிறது, ஆள் இல்லை. கெட்ட பெயரை அழிக்கப் போனவளுக்கு, அழிப்பதற்கு உன் பெயரே அங்கே இல்லையே, நான் என்ன செய்வேன்? நாளைக்கு நான் போனால், பிறந்த வீட்டுக் கோடித் துணியை என்மேல் போர்த்தவும் யாரும் இல்லை.

இருக்கட்டும். ஒன்று செய்கிறேன், இது சத்தியம். எந்த வீட்டுக்குப் பாத்திரம் போனாலும், முதலில் உன்னைப் பற்றிச் சொல்வேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான், எத்திராஜ், நல்ல வேலைக்காரன், அவன் போட்ட கேஸ்கட் எட்டு வருடமாகக் கல்லு மாதிரி இருக்கிறது என்பேன். கேட்பவர்கள் மனதில் நீ ஒரு ஆளாக நின்ற பிறகு, அந்த ஆளுக்கு நான் செய்ததைச் சொல்வேன். எனக்கு மூட்டு வலி, வீடுகளோ நிறைய. ஆனாலும் ஒரு வீட்டையும் விடமாட்டேன், ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் கூடப்பிறந்த அக்கா,
கன்னியம்மாள்
முடிச்சூர்