மூன்றில் ஒன்று பொய்

5 மார்ச் 2007

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. கரண்டியோடு நேரே வந்து என் தோளில் அடித்தார் என் கணவர் நிர்மல். லிஃப்டில் ஊருக்கெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர். எங்கள் மகர்பட்டா குடியிருப்பில் இவரைப் போல் மாப்பிள்ளை உண்டா என்று கேட்பார்கள்.

9 மார்ச்

அம்மாவிடம் போனில் அழுதேனாம். என் இடது கைச் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. டாக்டரிடம் அவரே பேசினார், கவனக்குறைவு என்று. அம்மா சொன்னது: "அனுசரிச்சுப் போ கண்ணு."

13 மார்ச்

இன்று அடி இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

19 மார்ச்

ஆபீசில் புது டீம். பழகுவதற்கு ஒரு விளையாட்டு, பெயர் ஐஸ் பிரேக்கர். நடத்திய சுந்தரராமன் விளக்கமும் சொன்னார். குளிர் நாடுகளில் ஆறு உறைந்தால் கப்பல்கள் நின்றுவிடுமாம். சின்னக் கப்பல் ஒன்று முன்னால் போய்ப் பனியை உடைத்து வழி செய்யுமாம். தெரியாதவர்களிடம் முதல் பேச்சை எடுப்பதற்கும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாம் 'பேச்சுக் கொடுப்பது' என்று முடித்துவிடுவோம். எங்கள் ஊர் கோயம்புத்தூர் வெயிலுக்கு அவ்வளவு போதும்.

ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும், ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கை தூக்க வேண்டும். என் முறை. எப்படி வந்தது வாயில்? - எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. பள்ளியில் கபடி ஆடியிருக்கிறேன். என் விரலை உடைத்தது என் கணவர்.

மூன்றாவதுக்குத்தான் எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேனே, பாவி.

கை தூக்காதவள் கிரிஜா ஒருத்திதான். லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பில் இருக்கிறாள். டீ மெஷின் பக்கம் வந்து மெல்லக் கேட்டாள்: "கபடிதான பொய்?"

தலையாட்டினேன். தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

21 மார்ச்

நிர்மலுக்கும் அதே கம்பெனிதான், வேறு பிரிவு. நேற்று கம்பெனி பஸ்ஸில் சுந்தரராமன் இவனிடம் அதைப் பெரிய ஜோக்காகச் சொல்லியிருக்கிறார். வந்தவன் ஜன்னல்களைச் சாத்தினான். டிவி சத்தத்தைக் கூட்டினான். பெல்ட்டால் அடித்தான், பக்கிள் பட்டுக் காதோரம் கிழிந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வாரயா? எந்த வெரல்னு சொன்னயா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த விரலைப் பின்னால் வளைத்தான். அதுவும் போயிற்று. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் - யாருடையது? பிடி விட்டது. வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். கிரிஜாவின் நம்பர் மனப்பாடமாகியிருந்தது, வாட்ச்மேன் போனில் அவளைக் கூப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை, ஸ்கூட்டியில் வந்துவிட்டாள்.

22 மார்ச்

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு இந்தி தடுமாறும். ஆனாலும் நானே சொன்னேன்.

1 ஏப்ரல்

கிரிஜா வீடு. காலையில் குடியிருப்பு கேட்டிலிருந்து காவலர் போன் செய்தார். நிர்மல் என்று ஒருவர் வந்திருக்கிறார், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார், உள்ளே விடட்டுமா என்று கேட்டார். என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.