கையெழுத்துப் போடாத அண்ணன்

ஜனவரி 6, 2007 — சனி
எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் இந்தப் பருவத்து முதல் சனிக்கிழமைக் கூட்டம். பழைய கடல்பாலம் பற்றிய பேச்சு. வந்தவர்களில் பாதிப் பேர் சங்கத்து ஆட்களே. ‘அனுமதி இலவசம்’ என்று வாசலில் பலகை வைத்தது நான்தான். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “எதுனா விக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 20
இன்று தெருப்பெயர்களின் கதை. கூட்டம் பரவாயில்லை. அவரவர் தெருவுக்காக அவரவர் சண்டை போட்டார்கள். கலையும் நேரத்தில் பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, “அறுபத்திரண்டுல பிரெஞ்சு நேஷனாலிட்டி வேணுமா வேணாமான்னு கேட்டாங்களே, அதப் பத்தி யாருமே பேச மாட்டீங்களா?” என்றார்.
தலைவர் நாராயணசாமி ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜனவரி 21
எங்கள் வீட்டிலேயே இருக்கிற கதைதான். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த எங்கள் ஊர் இந்தியாவோடு முழுதாகச் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய். முதல் வாரமே போய்க் கையெழுத்துப் போட்டார். நான் சின்னப் பெண் என்பதால் அந்தக் கையெழுத்திலேயே நானும் அடக்கம். அண்ணனுக்கு இருபது வயது. அவராகப் போட வேண்டும். போடவில்லை. “என் பட்டாளத்துச் சட்டைமேலயே துப்பிட்டான்” என்று சொல்லி அப்பா அவரை வீட்டை விட்டு அனுப்பினார்.
ஊர் அண்ணனைத் தேசபக்தர் என்றது. மேடையேற்றி மாலைகூடப் போட்டார்கள். அப்பா சாகும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகும் அண்ணன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் “நல்லா இருக்கியா?” என்பார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 3
பேச ஆள் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் காபி கொடுக்கிறார்கள், பேச்சை மாற்றுகிறார்கள். நாராயணசாமி ஐயாவுக்கும் தயக்கம். “எல்லார் வீட்லயும் ஆறாத புண்ணும்மா. சபையில வச்சிக் கிளறணுமா?”

பிப்ரவரி 11 — ஞாயிறு
அண்ணன் குடியிருக்கும் கருவடிக்குப்பம் போனேன். அண்ணன் வைத்திலிங்கம் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் அண்ணிக்கு என்னைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.
“நான் எதுக்கு?”
“கையெழுத்துப் போடாதவங்க பக்கம் பேச ஆள் வேணும்ணே.”
“அதெல்லாம் செத்துப்போன கதை, செல்வா. வேற ஆளப் பாரு.”
பஸ் ஏற்றிவிட வந்த அண்ணிதான் மெதுவாகச் சொன்னார்: “நீங்க கேட்டதே பெருசு. எங்கிட்ட விடுங்க.”

பிப்ரவரி 24
தகவல் இல்லை. இன்றைய கூட்டம் நாணயங்கள் பற்றி. எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை.

மார்ச் 10 — சனி
வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அண்ணி பக்கத்தில். கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் பலர் பின்னால் நின்றார்கள்.
நாராயணசாமி ஐயா, “தாய்நாட்டுக்காகப் பிரெஞ்சுக் குடியுரிமையை மறுத்தவர்” என்று அறிமுகம் செய்தார். அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு:
“ஐயா சொன்னது சரியில்லீங்க. நான் பயத்துலதான் கையெழுத்துப் போடல. எங்க பக்கத்து வீட்டுக்காரர் இந்தோசீனா போயி ஒரு கால் இல்லாம வந்தாரு. கையெழுத்துப் போட்டா என்னையும் பட்டாளத்துக்குக் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். நாடு, கொள்கை எல்லாம் ஊரு குடுத்த பேரு. மாலை போட்டாங்க, வாங்கிக்கிட்டேன்.”
யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் கிருஷ்ணசாமி — பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் — கைத்தடியை ஊன்றி எழுந்தார். “நானும் பயந்துதாம்பா போட்டேன். போடலன்னா பென்ஷன் போயிடும், புள்ளைங்க சோத்துக்கு நிக்கும்னு. பிரான்ஸுமேல ஆசைன்னு நெனச்சி எந்தம்பி இன்னிக்கும் பேசறதில்ல.”
அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மண்டபத்தைப் பூட்டக் காவலாளி வந்து நிற்கும்வரை பேசினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

மார்ச் 11
பயமாம்! அதுக்கா இத்தன வருஷம்? தன் உடுப்பைப் பெத்த பிள்ளையே கேவலமா நெனக்கிறான்னு நெனச்சிக்கிட்டேதானே அப்பா போய்ச் சேர்ந்தாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஊருக்கு முன்னாடி சொல்ல முடியுது, வீட்ல சொல்ல முடியலயா?
சமைக்கவில்லை. ரொட்டி தின்றேன்.

மார்ச் 17
இந்த வாரக் கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 18
மனசு கேட்கவில்லை. போய்க் கேட்டே விட்டேன். அண்ணன் கோபப்படவில்லை.
“சொல்தாகிட்டப் போயி, பயமா இருக்குப்பான்னு எப்படிச் சொல்றது, செல்வா?”
அப்பாவிடம் நானே எதையாவது பயம் என்று சொன்னதுண்டா? இருட்டுக்குப் பயந்த நாளில்கூட அம்மாவிடம்தான் சொல்வேன். இருபது வயதுப் பையன். அந்த வயதில் ஒருவனை இப்போது பார்த்தால் குழந்தை என்கிறேன்.
அழுதேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கிளம்பும்போது நான்தான் சொன்னேன்: “வீட்டுக்கு வாங்கண்ணே.”
“பாக்கலாம்” என்றார்.

மார்ச் 31
பருவத்தின் கடைசிக் கூட்டம் முடிந்தது. கிருஷ்ணசாமிப் பெரியவர் தம்பியை அழைத்து வந்திருந்தார். அடுத்தடுத்த நாற்காலி, பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள்.

ஏப்ரல் 15 — ஞாயிறு
காலையில் அண்ணன், அண்ணி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. உள்ளே வந்து அப்பா படத்துக்கு முன்னால் நின்றார்; கும்பிடவில்லை, சும்மா நின்றார். “இவ்ளோ சின்ன கூடமா இது?” என்றார்.
வஞ்சிரமீன் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, கூடத்தில் வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.
நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அண்ணி எழுப்பப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.